நமக்கு ஒரு பில் டோனஹ்யூ வேண்டாம்

போன ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் மண் குவளையில் சாயா குடித்துக்கொண்டு நின்றோம். இந்தக் கொல்கத்தாவில் வாரத்துக்கு அரை மணி நேரம் நான் வாய் நிறையத் தமிழ் பேசுவது அங்கேதான். பக்கத்தில் நின்ற தம்பி நாகர்கோவில்காரர், சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் வேலை. செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஏதோ அமெரிக்க டிவி விவாதம். நரைத்த தலை, சிவந்த முகம், எதிராளியை வாயைத் திறக்க விடாத தொண்டை.

"பாத்தியளா அண்ணாச்சி? கத்தோலிக்கன்னா இப்படில்லா இருக்கணும். நம்ம ஆளுவ எதுக்கெடுத்தாலும் மெழுகுவத்தி ஏத்திட்டு ஊர்வலம் போறாவ. நமக்கும் இப்படி ஒருத்தர் வேணும்."

எங்கள் பக்கத்தில் சமய உரிமைக்காக ஒரு குழு தொடங்க வேண்டும், அதற்கு நல்ல தலைவர் ஒருவரைப் பிடிக்க வேண்டும் என்று சில மாதமாகப் பேச்சு ஓடுகிறது. தம்பி அதை மனதில் வைத்துத்தான் சொன்னார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. 2025 ஜூலை 25 அன்று சத்தீஸ்கரில் துர்க் ரயில் நிலையத்தில் கேரளத்துக் கன்னியர் இருவரை ஆள்கடத்தல், மதமாற்றம் என்று சொல்லிக் கைது செய்தார்கள். ஆகஸ்ட் 2 அன்றுதான் ஜாமீன் கிடைத்தது. அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. என் சித்தி ஒருவர் கன்னியர் மடத்தில் இருக்கிறார், அவரும் வடக்கே ரயிலில் போய் வருகிறவர்தான்.

கோபம் நியாயம். ஆனால் தம்பி காட்டிய ஆள் மருந்து இல்லை. ஏன் என்று வாசலில் நின்று சொல்ல நேரம் போதவில்லை, பஸ் வந்துவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

யார் இந்த பில் டோனஹ்யூ? அமெரிக்காவில் கத்தோலிக்க லீக் என்று ஓர் அமைப்பு. சமய உரிமைக்கும் குடியுரிமைக்குமான கத்தோலிக்க லீக் என்பது முழுப் பெயர். 1973-இல் தொடங்கியவர் விர்ஜில் பிளம் என்ற இயேசு சபைக் குரு, மில்வாக்கியில் மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் அரசியல் பேராசிரியர். பிள்ளையைக் கத்தோலிக்கப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோருக்கும் அரசு உதவி வேண்டும் என்று பல வருடம் வாதாடியவர். 1990-இல் இறந்தார். 1993-இல் டோனஹ்யூ வந்தார். சமூகவியல் படித்துப் பட்டம் பெற்றவர், கல்லூரியில் பாடம் நடத்தியவர். வந்தவர் முப்பது வருடத்துக்கு மேலாக அதே நாற்காலியில். லீக் என்றால் டோனஹ்யூ, டோனஹ்யூ என்றால் லீக். இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

அவர் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தம்பி சும்மா விடமாட்டார் :-) அமெரிக்காவில் கத்தோலிக்க வெறுப்பு கட்டுக்கதை இல்லை. 1834-இல் பாஸ்டன் பக்கத்தில் சார்ல்ஸ்டவுனில் உர்சுலைன் கன்னியர் மடத்தைக் கும்பல் கூடி எரித்தது. 1844-இல் பிலடெல்பியாவில் கோவில்கள் எரிந்தன. 1850-களில் கத்தோலிக்கரை வெறுப்பதையே கொள்கையாக வைத்து ஒரு கட்சி வளர்ந்தது. 1922-இல் ஒரிகன் மாநிலம் எல்லாப் பிள்ளைகளும் அரசுப் பள்ளிக்கே போக வேண்டும் என்று சட்டம் போட்டது. கத்தோலிக்கப் பள்ளிகளை மூட வைப்பதே அதன் உள்நோக்கம். கன்னியர்கள் வழக்குப் போட்டு 1925-இல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். 1960-இல் கென்னடி "போப் சொல்வதைக் கேட்டு ஆளமாட்டேன்" என்ற பொருளில் ஹூஸ்டனில் பாஸ்டர்கள் முன்னால் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. ஆக, அப்படி ஓர் அமைப்பு தேவைப்பட்டது. அது உண்மை.

கேள்வி, அந்த அமைப்பை வைத்துக்கொண்டு தலைவர் என்ன செய்தார் என்பது.

2007 மார்ச்சில் நியூயார்க்கில் ஒரு ஓட்டல் கேலரியில் சாக்லேட்டில் செய்த இயேசு சிலை. டோனஹ்யூ பொங்கினார், ஓட்டலைப் புறக்கணிப்போம் என்றார், கண்காட்சி ரத்து. அதே வருடம் பிப்ரவரியில் ஜான் எட்வர்ட்ஸின் தேர்தல் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த இரண்டு பெண்கள் முன்பு இணையத்தில் எழுதியதைத் தோண்டி எடுத்து, வேலையை விட்டுத் தூக்கு என்றார். இருவரும் விலகினார்கள். 2010 நவம்பரில் வாஷிங்டன் அருங்காட்சியகம் ஒன்றில், எய்ட்ஸில் இறந்த ஒரு கலைஞரின் வீடியோவில் சிலுவை மேல் எறும்பு ஊர்கிறது என்று சத்தம் போட்டார். வீடியோவை எடுத்துவிட்டார்கள்.

பட்டியலைப் பாருங்கள். சாக்லேட், இணைய எழுத்து, எறும்பு. பூசைக்குப் போக முடியாமல் தவித்த யாராவது இதில் உண்டா? யாருடைய ஞானஸ்நானத்தையாவது யாராவது தடுத்தார்களா? மனம் புண்பட்டது, அவ்வளவுதான். மனம் புண்படுவது வேறு, உரிமை பறிபோவது வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழைத்து அடிப்பதுதான் டோனஹ்யூவின் தொழில். 2015 ஜனவரி 7 அன்று பாரீசில் சார்லி ஹெப்டோ பத்திரிகை அலுவலகத்தில் 12 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அன்றைக்கே அவர் விட்ட அறிக்கையின் தலைப்பு, முஸ்லிம்கள் கோபப்படுவது சரியே என்பது. கொலை தப்பு என்றும் சொன்னார், சொல்லாமல் இல்லை. ஆனால் ரத்தம் காயும் முன் அவருக்கு நினைவு வந்தது கேலிச்சித்திரக்காரன் செய்த தப்பு.

இதை நம்மூரில் யோசித்துப் பாருங்கள். "என் மனம் புண்பட்டது" என்பதை வைத்துத்தான் இங்கே புத்தகம் எரிகிறது, படம் நிற்கிறது, பாஸ்டர் மேல் கேஸ் விழுகிறது. மேஜையில் பைபிள் இருந்ததே ஒருவருக்குப் புண்படுகிறது. அந்த ஆயுதத்தை நாமும் தூக்கினால் அது யார் கைக்குப் போகும்? நூற்றுக்கு இரண்டே சொச்சம் பேர் நாம். 2011 கணக்குப்படி 2.78 கோடி. எண்ணிக்கை அதிகம் உள்ளவன் கையில்தான் புண்பட்ட மனசுக்கு மதிப்பு. அமெரிக்காவில் ஐந்தில் ஒருவர் கத்தோலிக்கர், உச்ச நீதிமன்றத்தில் ஒன்பதில் ஆறு நீதிபதிகள் கத்தோலிக்கர், இரண்டு ஜனாதிபதிகள் ஆகிவிட்டார்கள். அந்தத் தைரியத்தில் வரும் சத்தம் அது. மாடியில் இருப்பவனுக்குக் கல்லெறி விளையாட்டு. நாம் இருப்பது கண்ணாடிக் கூரைக்குக் கீழே.

அடுத்த விஷயம், எனக்கு உள்ளபடியே கோபம் வருவது இதில்தான்.

அமெரிக்கத் திருச்சபையில் சிறுவர்களுக்கு நடந்த கொடுமை. 2002-இல் பாஸ்டன் குளோப் பத்திரிகை வெளியே கொண்டு வந்தது. 2004-இல் ஆயர்களே கேட்டு ஜான் ஜே கல்லூரி எடுத்த கணக்கு: 1950 முதல் 2002 வரை குற்றம் சாட்டப்பட்ட குருக்கள் 4,392, பாதிக்கப்பட்டதாகச் சொன்னவர்கள் 10,667. எதிரி எழுதிய கணக்கு இல்லை இது, வீட்டுக் கணக்கு. அந்த நேரத்தில் கத்தோலிக்கரின் உரிமைக்காக நிற்கிறேன் என்று சொல்லும் தலைவர் யார் பக்கம் நிற்க வேண்டும்? அந்தப் பிள்ளைகளும் கத்தோலிக்கப் பிள்ளைகள்தானே ஐயா! பீடத்தில் உதவிக்கு நின்ற பையன்கள்தானே!

டோனஹ்யூ எங்கே நின்றார்? 2011-இல் நியூயார்க் டைம்ஸில் காசு கொடுத்து விளம்பரம் போட்டு, இது ஓரினச் சேர்க்கையாளர்களால் வந்த பிரச்சினை என்றார். அடுத்த மாதமே வந்த ஜான் ஜே கல்லூரியின் இரண்டாவது அறிக்கை அது காரணம் இல்லை என்றது. கான்சஸ் சிட்டி ஆயர் ராபர்ட் ஃபின், தன் குரு ஒருவரின் கம்ப்யூட்டரில் சிறுமிகளின் ஆபாசப் படங்கள் இருந்தும் போலீசுக்குச் சொல்லாததற்காக 2012 செப்டம்பரில் தண்டனை பெற்றார். அவருக்காக வரிந்து கட்டியவர் டோனஹ்யூ. ஃபின் 2015-இல் பதவி விலகினார். 2018-இல் பென்சில்வேனியா ஜூரி அறிக்கை ஆறு மறைமாவட்டங்களில் 300-க்கு மேற்பட்ட குருக்கள், 1,000-க்கு மேற்பட்ட பிள்ளைகள் என்றது. அவர் அதைப் பொய் என்று நிரூபிக்கிறேன் என்று எழுத உட்கார்ந்தார். பெரும்பாலானவர்கள் பலாத்காரம் செய்யப்படவில்லை, தொட்டது தடவியதுதான் என்கிற மாதிரி ஒரு கணக்கு. படித்தபோது எனக்கு வயிற்றைப் புரட்டியது.

இப்படித்தான் ஆகும். "வெளியே எதிரி" என்பதையே பிழைப்பாக வைத்த தலைவருக்கு உள்ளே நடப்பது கண்ணில் படாது. பட்டால், அதைச் சொன்னவன் எதிரி ஆகிவிடுவான். முப்பது வருடம் ஒரே ஆள் என்றேனே, அதன் பலன் இதுதான். "அண்ணே, இது தப்பு" என்று சொல்ல அந்த அமைப்பில் யாருக்கு வாய் இருந்தது?

நம்மிடம் இந்த நோய் இல்லையா? தாராளமாக இருக்கிறது. மதமாற்றத் தடைச் சட்டம் அநியாயம் என்று மேடையில் முழங்குகிறோம், சரி. நம் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறோமே, அதை எந்தச் சட்டத்தில் சேர்ப்பது? தலித் கிறிஸ்தவருக்கு அட்டவணைச் சாதி உரிமை இல்லை என்று 1950-இல் ஜனாதிபதி ஆணை வந்தது. சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் கதவு திறந்தது, நமக்குத் திறக்கவில்லை. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் கொடுக்கச் சொல்லியும் நடக்கவில்லை. அசல் சமய உரிமைப் பிரச்சினை இது. மதம் மாறினால் உரிமை போகும் என்பதைவிடப் பெரிய தடை எது? ஆனால் இதைப் பேச வாயைத் திறந்தால், "உங்கள் கோவிலில் சாதி இல்லையா?" என்று எதிரி கேட்பான். பதில் சொல்லும் யோக்கியதை நமக்கு வேண்டும். இந்திய ஆயர் பேரவையே 2016-இல் தலித் கொள்கை வெளியிட்டு, உள்ளே தீண்டாமை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. இந்தியாவின் முதல் தலித் கர்தினால் வர 2022 ஆயிற்று. டோனஹ்யூ மாதிரி ஒருவர் இங்கே இருந்திருந்தால், அந்த 2016 அறிக்கையையே திருச்சபை மேல் தாக்குதல் என்றிருப்பார்.

"அப்ப சும்மா இருக்கணுமா அண்ணாச்சி?" என்பார் தம்பி. இல்லை தம்பி. அமெரிக்காவிலேயே இன்னொரு ஆள் இருந்தார், அவர் வீடியோவை யாரும் அனுப்பமாட்டார்கள்.

கெவின் ஹாசன் என்று ஒரு கத்தோலிக்க வழக்கறிஞர். 1994-இல் பெக்கட் நிதியம் என்ற சட்ட உதவி அமைப்பைத் தொடங்கினார். 1170-இல் கேன்டர்பரி கோவிலில் அரசன் ஆட்களால் வெட்டப்பட்ட பேராயர் தாமஸ் பெக்கட்டின் பெயர் அது. கத்தோலிக்கரின் வழக்கு மட்டும் எடுக்கவில்லை அவர்கள். 2012-இல் டென்னஸி மாநிலம் மர்ஃப்ரீஸ்பரோவில் ஊரே எதிர்த்த மசூதியைத் திறக்க வைத்தார்கள். அர்கன்சாஸ் சிறையில் ஒரு முஸ்லிம் கைதி அரை அங்குலத் தாடி வைக்க 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகளின் தீர்ப்பையும் வாங்கிக் கொடுத்தார்கள். ராணுவத்தில் சீக்கிய அதிகாரியின் தலைப்பாகைக்கு வாதாடினார்கள். அவர்கள் எடுத்த எல்லா வழக்கும் எனக்கு உடன்பாடு என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் தாடி வழக்கின் தீர்ப்பு நாளைக்கு ஒரு கத்தோலிக்கக் கைதிக்கும் உதவும். சாக்லேட் சிலையை மூடியதால் யாருக்கு என்ன கிடைத்தது?

திருச்சபையின் சொந்தப் போதனையும் இந்தப் பக்கம்தான். 1965 டிசம்பர் 7 அன்று வத்திக்கான் சங்கம் சமய சுதந்திரம் பற்றிய அறிக்கையை 2,308-க்கு 70 என்ற வாக்கில் நிறைவேற்றியது. சுதந்திரம் கத்தோலிக்கனுக்கு மட்டும் என்று அது சொல்லவில்லை, மனிதனாகப் பிறந்ததாலேயே வரும் உரிமை என்றது. அதற்குப் பாடுபட்ட ஜான் கோர்ட்னி மர்ரி என்ற அமெரிக்க இயேசு சபைக் குருவை, பத்து வருடம் முன்னால் அதே திருச்சபை எழுதாதே என்று வாயைக் கட்டியிருந்தது. அவர் கத்தவில்லை, பொறுமையாகப் படித்து எழுதி, கடைசியில் சங்கத்தையே மாற்றினார்.

நம் நாட்டுக்கு வாருங்கள். மதத்தைப் பரப்பும் உரிமை என்ற சொல் அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் எப்படி உட்கார்ந்தது? 1948 டிசம்பர் 6 அன்று அரசியல் நிர்ணய சபையில் அதை எடுத்துவிடச் சொல்லிப் பலமான எதிர்ப்பு. அன்று எழுந்து ஆதரித்தவர்களில் ஒருவர் வங்காளத்துப் பண்டிதர் லட்சுமி காந்த மைத்ரா, இன்னொருவர் நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. கிறிஸ்தவப் பள்ளி கல்லூரிகளில் பல வருடம் படித்தேன், என்னை யாரும் மதம் மாற்றப் பார்க்கவில்லை என்று சாட்சி சொன்னார் டி.டி.கே. ஒரு பண்டிதரும் ஒரு ஐயங்காரும் நமக்காகப் பேசினார்கள். அவர்களைப் பேச வைத்தது யாருடைய தொண்டையும் இல்லை, பெயர் தெரியாத வாத்தியார்கள் நடந்துகொண்ட விதம். அந்தச் சொல்லின் பொருளை 1977-இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சுருக்கிவிட்டது, பரப்பலாம், ஆனால் மதம் மாற்ற உரிமை இல்லை என்று. அதை மறுபடி விரிக்க வேண்டுமானால் சட்டம் தெரிந்த ஆள் வேண்டும், நம்மவர் அல்லாத நண்பர்களும் வேண்டும்.

இந்த ஊர்க் கதை ஒன்று சொல்லி முடிக்கிறேன். 2010 ஆகஸ்ட் 26, அன்னை தெரசா பிறந்து நூறு வருடம். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் நீலமும் வெள்ளையுமாக விளக்குப் போட வேண்டும் என்று டோனஹ்யூ கேட்டார். கட்டட முதலாளி மறுத்தார். முந்தின வருடம் கம்யூனிஸ்ட் சீனாவின் அறுபதாம் ஆண்டுக்கு மட்டும் விளக்குப் போட்டாயே என்று இவர் பெரிய போராட்டமே நடத்தினார். கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் யாருக்காக விளக்குக் கேட்டார்? சாக்கடை ஓரத்தில் கிடந்தவனைத் தூக்கிய அம்மாவுக்கு!

இப்போது 2021 கிறிஸ்துமஸ். அதே அம்மாவின் சபைக்கு வெளிநாட்டுப் பணம் வாங்கும் அனுமதியைப் புதுப்பிக்க மத்திய அரசு மறுத்தது. கணக்குகளையே முடக்கிவிட்டார்கள் என்று அரசியல்வாதிகள் கொதித்தார்கள். சபைத் தலைவி ஓர் அறிக்கை விட்டார். அரசு எங்கள் கணக்கை முடக்கவில்லை, புதுப்பித்தல் மறுக்கப்பட்டிருக்கிறது, தவறு நடந்துவிடக் கூடாது என்று நாங்களே அந்தக் கணக்குகளைப் பயன்படுத்த வேண்டாமென்று எங்கள் இல்லங்களுக்குச் சொன்னோம், அவ்வளவுதான் அதன் சாரம். தனக்குச் சாதகமாக வந்த பொய்யையும் திருத்தினார் அந்த அம்மா. 2022 ஜனவரியில் அனுமதி திரும்ப வந்தது. திரும்பி வந்ததற்குப் பல காரணம் இருக்கலாம். ஆனால் அந்த அறிக்கையை நான் இரண்டு முறை படித்தேன். அதில் ஒரு வார்த்தையைக்கூட நாளைக்குத் திரும்ப வாங்க வேண்டியிருக்காது. தலைமை என்றால் எனக்கு அதுதான்.

ஆக, நம் குழுவுக்கு ஆள் தேடும்போது நான் கேட்கப்போவது நாலே கேள்வி. பக்கத்துத் தெரு மசூதிக்கோ கோவிலுக்கோ பிரச்சினை என்றால் போய் நிற்பாரா? நம் குருவோ ஆயரோ தப்புச் செய்தால் பாதிக்கப்பட்டவர் பக்கம் முதலில் போவாரா? எஃப்.ஐ.ஆர். நகலும் தேதியும் கையில் இல்லாமல் வாயைத் திறக்காமல் இருப்பாரா? மூன்று வருடம் முடிந்ததும் நாற்காலியை விட்டு எழுந்திருப்பாரா?

தம்பி, இந்த நாலுக்கும் ஆம் சொல்லும் ஆள் ஒருவர் நம் பங்கிலேயே இருக்கிறார். ரிட்டயர்டு தலைமையாசிரியை, தலித் அம்மா, வங்காளி. பாடகர் குழுவில் கடைசி வரிசை. துர்க் செய்தி வந்த அன்று நாமெல்லாம் செல்போனில் கொதித்துக்கொண்டிருந்தபோது, ராய்ப்பூரில் தெரிந்த வக்கீல் யார் என்று விசாரித்துக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான். சத்தமாகப் பேசத் தெரியாது. அதனால் நாம் யாரும் அவர் பெயரைச் சொல்லவில்லை.

வருகிற ஞாயிறு கூட்டத்தில் நான் சொல்லப்போகிறேன். நீங்கள் வழிமொழிவீர்களா?